மொய்ப் பணத்தில் ஒரு பாத்ரூம்

ஆடி பிறந்துவிட்டால் மற்ற ஊர்களில் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். கீரமங்கலம் பக்கம் அப்போதுதான் பந்திக்கு இடம் கிடைக்காது. மண்டப வாசலில் டூவீலர் வரிசை, உள்ளே ஆட்டுக்கறிச் சாப்பாடு. கை கழுவிவிட்டு வருபவர் நேராக மேசைக்குப் போய், பெயரையும் ஊரையும் சொல்லி, பணத்தை எண்ணி வைத்துவிட்டுக் கிளம்புவார். வடகாடு, கொத்தமங்கலம், அந்தப் பக்கம் பேராவூரணி வட்டாரம் வரை நடக்கும் மொய் விருந்து இது. செலவைப் பங்கிட்டுக்கொள்ள நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவதும் உண்டு. பணம் எண்ணும் மெஷின் வந்து, காவலுக்கு ஆள் போட்டு நடத்துவதும் உண்டு. 2019-ல் வடகாட்டில் ஒரே விவசாயிக்கு 4 கோடி ரூபாய் மொய் விழுந்தது என்று நாளிதழ்கள் எல்லாம் எழுதின. அது விதிவிலக்கு. சாதாரணக் குடும்பத்துக்கு லட்சக்கணக்கில் கைக்கு வரும். வட்டி கிடையாது. ஆனால் ஒவ்வொரு ரூபாயும் நோட்டில் எழுதிய கடன். திருப்பிச் செய்யும்போது அதற்கு மேல் கொஞ்சம் ‘புது நடை’ சேர்த்துச் செய்தாக வேண்டும்.

இப்படி வரும் பணம் முன்பெல்லாம் போர் போடவும், நிலம் வாங்கவும், பெண்ணைக் கட்டிக் கொடுக்கவும் போனது. இன்றும் போகிறது. அதோடு இன்னொரு செலவும் சேர்ந்திருக்கிறது. “வீட்டைப் பின்னாடி கொஞ்சம் இழுத்து, பெட்ரூமை ஒட்டி ஒரு பாத்ரூம் போட்டுடலாம்னு இருக்கோம்” என்பதை இந்தப் பக்கத்தில் இப்போது அடிக்கடி கேட்கலாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் வீட்டு வளாகத்துக்குள் கழிப்பறை இருந்தது 48.3 சதவீத வீடுகளில்தான். பாதிக்கும் கீழே. அந்த நிலையிலிருந்து, ‘ஒன்று போதாது, இரண்டு வேண்டும்’ என்று யோசிக்கும் இடத்துக்கு ஒரு ஊர் வந்திருப்பது சின்ன விஷயமில்லை. ஆடம்பரம் என்று சிரிப்பவர்கள் காலை நேரத்தில் ஒரு பூ விவசாயி வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும்.

கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மல்லிகையும் முல்லையும் கனகாம்பரமும் சம்பங்கியும் வந்து இறங்குகின்றன. மல்லிகை, முல்லை மொட்டைப் பொழுது விடிவதற்குள் பறித்தாக வேண்டும். நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தோட்டத்தில் இறங்குகிறார்கள். பூப் பறித்துவிட்டு வருபவர், பள்ளிக்கூட வேனைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள், வேலைக்குக் கிளம்பும் மருமகள், இரவெல்லாம் நாலு முறை எழுந்திருக்கும் அப்பத்தா என்று எல்லோருக்கும் கொல்லையில் இருக்கும் ஒரே கதவு. மழைக்காலத்தில் அந்தக் கதவுக்குப் போகும் வழியில் பாசி வேறு. அப்பத்தா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு கட்டப்பட்ட பாத்ரூம்கள்தான் எல்லா ஊரிலும் அதிகம்.

ஆகவே வேண்டுமா என்ற கேள்வி முடிந்துவிட்டது. எப்படி என்பதில்தான் நம் ஆட்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் டைல்ஸ் கடை. அப்புறம் ‘எந்த கம்பெனி வெஸ்டர்ன்’. அப்புறம் கொத்தனார் வந்து கயிறு பிடிப்பார். குழி எங்கே என்ற பேச்சு கடைசியில், சுவர் எழும்பிய பிறகு வரும். என் கட்சி இதற்கு நேர் எதிர். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தரையில் கோடு போட்ட பிறகுதான் அறைக்கு இடம் பார்க்க வேண்டும். டைல்ஸைப் பத்து வருஷம் கழித்தும் மாற்றலாம். குழியை மாற்ற முடியாது.

வாயு மூலையும் பக்கத்து வீட்டு ஈசானியமும்

வாஸ்து பார்க்காமல் இங்கே யாரும் கடப்பாரை எடுப்பதில்லை. தண்ணீருக்கு ஈசானியம், அதாவது வடகிழக்கு. கிணறும் போரும் அங்கே. கழிவுக் குழிக்கு வாயு மூலை, அதாவது வடமேற்கு. கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், பள்ளமே கூடாது. நம்புகிறவர்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. ஒரு மனையைத் தனியாகப் பார்த்தால் இந்த ஏற்பாட்டில் நியாயம்கூட இருக்கிறது: குடிக்கும் தண்ணீரும் கழிவும் ஆளுக்கொரு மூலை.

வரிசையாக வீடுகள் வந்த தெருவில்தான் கணக்கு உதைக்கிறது. உங்கள் வடமேற்கு மூலையில் நின்று மேற்கே எட்டிப் பாருங்கள். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது அடுத்த வீட்டின் வடகிழக்கு மூலை. அவரும் வாஸ்து பார்த்துத்தான் போர் போட்டிருப்பார். உங்கள் வாயு மூலைக் குழிக்கும் அவருடைய ஈசானியப் போருக்கும் நடுவே ஒரு சுவரும் சில அடி மண்ணும்தான். அவர் குழியை எடுத்துக்கொண்டால், அது அவருக்கும் மேற்கே இருப்பவரின் போருக்குப் பக்கத்தில். தெரு முழுக்க வாஸ்து சுத்தம்; தெரு முழுக்க இதே கதை.

கழிவுநீர் உறிஞ்சு குழிக்கும் குடிநீர் எடுக்கும் இடத்துக்கும் நடுவே 18 மீட்டர், கிட்டத்தட்ட 60 அடி, இடைவெளி வேண்டும் என்கிறது செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470. நாற்பது அடி அகல மனையில் இதற்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சொந்த மனைக்குள் மட்டும் அளந்தால் போக வழியில்லைதான். அதனால்தான் கயிறு பிடிக்கும் நாளில் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். “அண்ணே, உங்க போரு எங்க இருக்கு, கேசிங் எவ்வளவு ஆழம் இறக்கியிருக்கீங்க?” என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. மொய் நோட்டில் ஒருவரை ஒருவர் எழுதி வைத்திருக்கும் ஊர் இது.

நாம் ‘செப்டிக் டேங்க்’ என்று சொல்வதில் பெரும்பாலானவை செப்டிக் டேங்கே இல்லை என்பது அடுத்த சிக்கல். நடப்பது இதுதான்: வட்டமாகத் தோண்டி, சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, மேலே ஒரு மூடி. அடியில் மண். ‘இருபது வருஷமாச்சு, நம்ம டேங்கு ஒரு தடவைகூட நிறையல’ என்று பெருமை பேசுவார்கள். நிறையாத டேங்க் என்றால் ஒழுகுகிற டேங்க் என்று பொருள். இந்த ஊர் நக்கீரர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஊர். மெய்நின்ற நாதர் கோயிலில் 81 அடிச் சிவன் சிலைக்கு எதிரே அவருக்கும் சிலை உண்டு. இங்கே நின்றுகொண்டு குற்றத்தைக் குற்றம் என்று சொல்லாமல் போனால் எப்படி?

உண்மையான செப்டிக் டேங்குக்கு அடித்தளம் உண்டு, பூசின சுவர் உண்டு, நடுவில் தடுப்பு உண்டு. கசடு அடியில் தங்கி, தெளிந்த நீர் மட்டும் அடுத்த பக்கம் வழியாக உறிஞ்சு குழிக்குப் போகும். ஐந்து பேர் வீட்டுக்கு அது பெரிதாகவும் வேண்டியதில்லை. ஐ.எஸ். 2470 சொல்லும் அளவு சுமார் 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம், நீர் நிற்கும் ஆழம் மூன்றேகால் அடி. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்ச வேண்டும். டேங்க் ஒழுகாது என்பதால் அது வீட்டுக்கு அருகில் இருக்கலாம். தள்ளிப் போக வேண்டியது உறிஞ்சு குழிதான். அதைப் போர் இல்லாத திசைக்கு, தென்னை நிற்கும் பக்கமாகக் கொண்டுபோய்விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் கட்டாயம். அதற்கான குழியை இந்த உறிஞ்சு குழிக்குப் பக்கத்திலேயே வெட்டி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல மழைநீர் அந்தக் கழிவையும் சேர்த்துக்கொண்டு நிலத்துக்குள் இறங்கும்.

இடம் இருப்பவர்களுக்கு இரட்டைக் குழி இன்னும் மலிவு. ஒரு குழி நிறைந்ததும் சேம்பரில் வழியை அடைத்து அடுத்த குழிக்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழியை இரண்டு வருஷம் தொடாமல் விட்டால் உள்ளே இருப்பது வாடையில்லாத எருவாகிவிடும். தென்னைக்குப் போடலாம். முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மனிதக் கழிவை எருவாக்கும் கழிப்பறைகளுக்காகவே திருச்சி ‘ஸ்கோப்’ அமைப்பின் மராச்சி சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கிராமங்களுக்குக் கழிப்பறை கொண்டுபோன திருச்சி ‘கிராமாலயா’ தாமோதரனுக்கு அடுத்த வருஷமே பத்மஸ்ரீ. இரண்டு பேரும் நமக்குப் பக்கத்து மாவட்டம்தான்.

எந்தக் குழியானாலும் குளிக்கிற தண்ணீரை அதில் விடாதீர்கள். ஒரு ஆள் குளிக்கும் தண்ணீர், ஃபிளஷ் தண்ணீரைவிட அதிகம். சோப்புத் தண்ணீரும் சேர்ந்தால் குழி சீக்கிரம் நிறையும், உள்ளே நடக்க வேண்டிய மக்கும் வேலையும் கெடும். பாத்ரூம் தரையிலிருந்து ஒரு பைப், கோப்பையிலிருந்து ஒரு பைப் என்று இரண்டு வழி முதல் நாளே பிரிந்தால்தான் உண்டு. முதல் பைப் வாழைக்குப் போகட்டும். கோப்பையிலிருந்து போகும் நாலு இஞ்ச் பைப்புக்கு 10 அடிக்கு 3 இஞ்ச் வாட்டம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் கழிவு வழியிலேயே நின்றுவிடும். வென்ட் பைப்பின் உச்சியில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள். பத்து ரூபாய் வேலை, ஒரு வீட்டிலும் பார்க்க முடிவதில்லை.

கூடுதலாகக் கட்டும்போது இன்னொரு ஆபத்து. பெட்ரூமுக்குப் பின்னால் இடம் காலியாக இருக்கிறது என்று கோடு போடும் இடம் பெரும்பாலும் பழைய குழி இருந்த இடமாகவே இருக்கும். அதன்மேல் சுவர் எழுப்பினால் ஒரு மழைக்குத் தாங்காது. பழையதை லாரி வைத்து உறிஞ்சி, மணல் கொட்டித் தண்ணீர் விட்டு அடைத்து, கொஞ்ச நாள் விட்டுவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். ஆளை மட்டும் உள்ளே இறக்காதீர்கள். மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் ஆயிற்று என்பதெல்லாம் கணக்கில் வராது. அடியில் தங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. கழிவுநீர் லாரிக்கு 14420 என்ற எண் இருக்கிறது. லாரியின் குழாய் எட்டும் தூரத்தில், கல்லை நகர்த்தினால் திறக்கும்படி மூடி இருக்க வேண்டும் என்பதும் பிளான் போடும்போதே யோசிக்க வேண்டியது. மூடிமேல் டைல்ஸ் ஒட்டித் துவைகல் போட்ட வீடுகளை எல்லாம் பார்க்கிறோம்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

குழி முடிவானால் அறை தானாக இடம் கேட்டுக்கொள்ளும். குளியலும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்கு தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்கும் குறைந்தபட்சம் 2.8 சதுர மீட்டர், அதாவது 30 சதுர அடி. ஊரில் கொத்தனார்கள் வாய்க்கு வந்தபடி சொல்வது ‘அஞ்சுக்கு எட்டு’. அது நல்ல அளவுதான். அதற்குள் வாஷ்பேசின், வாஷிங் மெஷின், கீசர், ஷெல்ஃப் எல்லாவற்றையும் அடைக்காமல் இருந்தால்.

இந்தப் பாத்ரூம் யாருக்காக? அப்பத்தாவுக்கு என்றால் அவரை அழைத்து வந்து, சாக்பீஸால் தரையில் வரைந்த கட்டத்துக்குள் நிற்க வைத்துப் பாருங்கள். திரும்ப முடிகிறதா, பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க இடம் இருக்கிறதா? வழக்கமாக வைக்கும் இரண்டரை அடிக் கதவு சக்கர நாற்காலிக்குப் போதாது. மூன்றடிக் கதவுக்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு ஷவர் விலைகூட வராது. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் மயங்கி விழுந்தால், அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். கடப்பாரையால் கதவை உடைக்கலாம், அவருக்கு அடிபடாமல் உடைக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தைக் கொத்தனாரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். நிலை வைத்த பிறகு மாற்றச் சொன்னால் முகம் மாறும்.

வெஸ்டர்னா, இந்தியனா என்ற சண்டை இரண்டாவது பாத்ரூமில் எளிதாகத் தீரும்: கொல்லையில் பழையது அப்படியே இருக்கட்டும், உள்ளே வெஸ்டர்ன். உட்காரும் உயரம் 17 முதல் 19 இஞ்ச் இருந்தால் முட்டிவலிக்காரர் எழுந்திருப்பார். பக்கச் சுவரில் ஒரு கம்பி. துண்டு மாட்டும் கம்பியை அதற்குப் பதிலாக நினைக்கக் கூடாது. அது ஆள் பாரம் தாங்காமல் ஸ்க்ரூவோடு வந்துவிடும். கம்பி வரும் இடத்தில் ஹாலோ பிளாக் வைக்காமல் கெட்டியாகச் செங்கல் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். ஃபிளஷ் டேங்க் மூன்று லிட்டர், ஆறு லிட்டர் என்று இரண்டு பட்டன் உள்ளதாக இருக்கட்டும். பழைய பத்து லிட்டர் டேங்க் போருக்கும் பாரம், குழிக்கும் பாரம். டைல்ஸ் பளபளப்பு கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கடையில் லைட் வெளிச்சத்தில் மறந்துபோகிறது. கடைக்காரரிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி டைல்ஸ்மேல் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பாருங்கள்.

கரன்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கீசருக்குத் தனி ஒயர், தனி எம்.சி.பி., நல்ல எர்த், மொத்த வீட்டுக்கும் ஒரு ஆர்.சி.சி.பி.

கஜா சொல்லிக்கொடுத்தது

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், இந்தப் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. இழப்பைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. பாத்ரூம் கட்டுபவர் கவனிக்க வேண்டியது அதற்குப் பின்னால் வந்த வாரங்களை. மின்கம்பங்கள் ஒடிந்து, கிராமங்களில் நாள்கணக்கில், பல இடங்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. பல நூறு அடி ஆழத்தில் இருக்கும் மோட்டாருக்கு உயிர் இல்லையென்றால் வீட்டுக்குள் எத்தனை குழாய் இருந்தும் காற்றுதான் வரும். வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்து, மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து மாடித் தொட்டியை நிரப்பினார்கள். அந்த நாட்களில் பெரிய உதவியாக இருந்தவை மூடாமல் விட்ட பழைய கிணறும் அடி பம்பும்தான்.

புதுப் பாத்ரூம் வரையும்போது இதை மறக்க வேண்டாம். ஷவரும் ஹெல்த் ஃபாசெட்டும் இருக்கட்டும். ஒரு ஓரத்தில் வாளியில் மொள்ளும்படி ஒரு தொட்டிக்கும் இடம் விடுங்கள். தரைமட்டத்தில் ஒரு சம்ப் இருந்தால் கையாலேயே இறைக்கலாம். மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் வைக்கிறீர்கள் என்றால் நிரம்பும்போது அதன் தண்ணீர் மட்டுமே ஒரு டன். தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவர் வரும் இடமாகப் பார்த்து வையுங்கள். புயல் அறிவிப்பு வந்தால் முதல் வேலை அதை நிரப்பி வைப்பது. காலி டேங்க் காற்றில் பறக்கும். நிறைந்த டேங்க் அசையாது, கரன்ட் போன பிறகு இரண்டு நாளைக்குக் குடும்பத்தையும் ஓட்டும். மேற்கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு இந்த ஊரில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

புதுச் சுவரைப் பழைய சுவரோடு பல் விட்டுக் கட்டுவதா, தனியே விடுவதா என்பதில் கொத்தனார்களுக்குள் இரண்டு கட்சி. பழைய அஸ்திவாரம் இத்தனை வருஷத்தில் இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி உட்கார்ந்துவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். இறுக்கிக் கட்டினால் சேரும் இடத்தில் விரிசல் விட்டு, அதன் வழியே ஓதம் பெட்ரூமுக்குள் வரும். இடைவெளி விட்டு, அதை முறையாக அடைப்பதுதான் சரி. அஸ்திவாரம் தோண்டும்போது பழையதற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேரூராட்சி அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்வரத்தான் வேண்டும். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி பக்கத்திலும் பின்னாலும் விட வேண்டிய காலியிடத்தைக் கூடுதல் கட்டடம் விழுங்கிவிடக் கூடாது. நாளைக்கு பேங்க் லோன் என்று போகும்போது பிளானில் இல்லாத அறை ஒன்று வழியில் வந்து நிற்கும்.

நாள் கணக்கையும் பார்த்துவிடுவோம். மொய் ஆடியில் வருகிறது. ஆடியில் வேலை தொடங்க மனசு வராதவர்களுக்கு ஆவணி 6 வாஸ்து நாள். அதை விட்டால் புரட்டாசியில் வாஸ்து இல்லை. ஐப்பசி 11-க்குக் காத்திருந்தால் வடகிழக்குப் பருவமழை வந்து, தோண்டிய குழியில் தண்ணீர் நிற்கும். ஆகவே ஆவணியிலேயே குழியையும் அஸ்திவாரத்தையும் முடித்துவிட்டால், மழை பிடிப்பதற்குள் தளம் போட்டுவிடலாம். முதல் மழை உறிஞ்சு குழியின் தரத்தைத் தானே சோதித்துச் சொல்லும். டைல்ஸ்காரரை அதற்குப் பிறகு கூப்பிட்டால் போதும். அதிலும் அவர் கலவையைப் பிசைவதற்கு முன்னால், பாத்ரூம் தளத்தில் வாட்டர் ப்ரூஃபிங் முடிந்ததும் ஓட்டையை அடைத்து, இரண்டு இஞ்ச் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு இரண்டு நாள் விட வேண்டும். வெயிலில் காய்ந்து கொஞ்சம் குறையும். அதற்கு மேல் இறங்கியிருந்தால் மேஸ்திரிக்குக் கொடுக்க வேண்டிய மீதியைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.